வளையம் இறங்கி வந்த வருஷம்

என் மகளின் கூடைப்பந்துப் பயிற்சியாளருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். வேங்கிக்காலில் புது வீட்டு மனைகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு மைதானத்தில் சொல்லிக்கொடுக்கிறார். பிள்ளைகள் பந்தை எறிவதைக் கைபேசியில் படம் பிடித்து, மெதுவாக ஓட்டி, "பாரு, உன் முழங்கை வெளிய போவுது" என்று காட்டுகிறார். பெற்றோர்களாகிய நாங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டுகிறோம். போன வாரம் அவர் ஏணி வைத்து ஏறி, ஒரு டேப்பைத் தரைவரைக்கும் இறக்கி, வளையத்தின் உயரத்தை அளந்தார். மாதம் ஒரு முறை அளப்பாராம். "பத்தடி, கரெக்டா இருக்குது" என்று அவர் சொன்னதும் எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. மகள் என்னைப் பார்த்து முறைத்தாள்.

அந்தப் பையனிடம் எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் ஒரு காலத்தில் வளையம் தானாகவே இறங்கி வந்தது, அதை நாங்கள் சொந்தத் திறமை என்று நம்பிக்கொண்டு திரிந்தோம் என்றால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் சிரித்தால் பரவாயில்லை.

நான் படித்தது பெண்கள் பள்ளியில். மைதானத்தின் பள்ளமான மூலையில் ஒரு சிமெண்ட் கோர்ட் இருந்தது. எந்தப் புண்ணியவான் கட்டினாரோ தெரியாது. ஊரிலேயே தண்ணீர் தேங்குவதற்குத் தோதான இடமாகப் பார்த்துக் கட்டியிருந்தார். கார்த்திகை தீபம் வந்தால் எங்கள் மைதானம் தற்காலிகப் பேருந்து நிலையமாகிவிடும். அது மழைக்காலம் வேறு. சக்கரம் சேற்றில் புதையக்கூடாது என்று லாரி லாரியாகக் கிராவல் மண்ணைக் கொட்டி ரோலர் விட்டு ஓட்டுவார்கள். கொட்டுவதற்கு ஆணை உண்டு. திரும்ப அள்ளுவதற்கு ஆணை கிடையாது. அரசு அலுவலகத்தில் உத்தியோகம் பார்ப்பவள் என்பதால் இந்தத் தத்துவம் இப்போது எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

தீபம் முடிந்து பள்ளி திறக்கும் அன்று மைதானத்தில் ஒரு வாசனை அடிக்கும். டீசல், ஈரச் செம்மண், புளிசாதம் ஒட்டிய இலை, நடுவில் எங்கிருந்தோ கற்பூரம். மற்றதையும் சொல்லலாம், நீங்கள் சாப்பிட உட்கார்ந்திருப்பீர்கள், வேண்டாம். மூன்று தீபத்தில் மூன்று அடுக்கு மண் ஏறி, சிமெண்ட் இருந்த இடமே தெரியாமல் போனது. அதன்மேல் சுண்ணாம்பால் கோடு போட்டு விளையாடினோம். மண்ணில் பந்து எழும்பாது. ஆகவே பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது என்ற வித்தை எங்கள் அணியில் ஒருத்திக்கும் தெரியாது. நின்ற இடத்திலிருந்து எறிவது மட்டும்தான்.

அந்த எறிதலுக்கு எங்கள் பி.டி. சார் ஒரு சாஸ்திரமே வைத்திருந்தார். அவர் கபடி ஆட்டக்காரர். கூடைப்பந்தை அவர் எங்கே கற்றார் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இருந்ததில்லை. ஆனால் சொல்லிக்கொடுக்கும் விதம் எங்கள் ஊருக்கென்றே அளவெடுத்தது. "ஆரத்தித் தட்டு ஏந்தற மாரி பந்த ஏந்து. மணிக்கட்டு பின்னால மடியணும். முழங்கைய ஒடம்போட வச்சிக்கோ, கூட்டத்துல பக்கத்தாள இடிக்கக்கூடாது. உண்டியல்ல போடற மாரி மேலருந்து உழணும்" என்பார். பந்து கையை விட்டதும் விரல்கள் கீழே தொங்க, கையை நீட்டியபடியே நிற்க வேண்டும். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் வரம். "வரம் குடுத்துட்டு நில்லுடி! கைய ஒடனே எறக்குனா சாமி குடுத்த வரத்தத் திரும்பப் புடுங்கன மாரி." சாயங்காலம் ரோட்டில் போகிறவர்கள் பார்த்தால், பத்துப் பெண்கள் வரிசையாக நின்று ஆகாயத்துக்கு வரம் கொடுத்துக்கொண்டிருப்போம்.

கிண்டல் செய்கிறேனே தவிர, மகளின் பயிற்சியாளர் கைபேசி வைத்துச் சொல்வதும் அச்சு அசலாக இதேதான்.

பத்தாம் வகுப்பு வந்தபோது எங்கள் குறி அசாத்தியமாகிவிட்டது. பத்து எறிந்தால் எட்டு விழும். நான் அணித்தலைவி. என் வரம் கொடுக்கும் கையை நானே ஓரக்கண்ணால் ரசிப்பேன். அம்மா எல்லாவற்றுக்கும் காரணம் கேழ்வரகுக் கஞ்சி என்றாள். சாரோ, காரணம் தன் சாஸ்திரம்தான் என்றார்.

சந்தேகப்பட்டவள் ஒருத்திதான். கற்பகம். அடி அண்ணாமலையிலிருந்து வருவாள். கிரிவலப் பாதையில் அவள் அப்பாவுக்குத் தேங்காய்க் கடை. எங்கள் பத்துப் பேரில் உண்மையாகவே எறியத் தெரிந்தவள் அவள்தான். அவள் கையிலிருந்து பந்து கிளம்பும்போது ஒரு சத்தமும் வராது. நான் எறிந்தால் எனக்கு மூச்சு வாங்கும்.

கற்பகத்துக்கு அந்த வருஷம் ஒரு கெடு இருந்தது. சித்ரா பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள் வேலூரில் விளையாட்டு விடுதிக்குத் தேர்வு. பத்து முறை எறிந்து ஆறு உள்ளே போட வேண்டும். தேறினால் சென்னையில் விடுதி, சோறு, பன்னிரண்டு வரைக்கும் படிப்பு. அவள் அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "செலக்சன் ஆனா போ. இல்லன்னா கடையாண்ட வந்து குந்து." எனக்கு அப்படி எந்தக் கெடுவும் இல்லை. நான் தேறாவிட்டாலும் எங்கள் வீட்டில் பதினொன்றாம் வகுப்புக்குத் துணி தைக்கக் கொடுத்தாகிவிட்டது.

பரீட்சை முடிந்த விடுமுறையில் ஒரு நாள், பந்தல் போடும் சவுக்குக் கழி ஒன்றைச் சரியாகப் பத்தடிக்கு வெட்டி சைக்கிளில் கட்டி எடுத்துவந்தாள் கற்பகம். வளையத்துக்கு அருகே நிறுத்தினாள். கழி வளையத்துக்கு மேலே ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றது.

"சார், ரிங்கு எறங்கிப் போச்சு. மண்ணு ஏறிக்கினே வந்திருக்குது."

சார் கழியை மேலும் கீழும் பார்த்தார். "ரிங்கு கவர்மெண்டு போட்டது. உன் கழிய யாரு போட்டது?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அணித்தலைவி என்ற முறையில் நான் என் பங்குக்கு, "நாம ஒசரமாயிட்டோம்டி, அதான் பக்கமா தெரியுது" என்று விளக்கமும் கொடுத்தேன். என் உயரம் அன்றைக்கும் இன்றைக்கும் ஐந்தடிதான்.

கற்பகம் மறுநாள் கடப்பாரையோடு வந்தாள். சுண்ணாம்புக் கோட்டின் அருகே தோண்டினாள். ஒரு சாண் ஆழத்தில் பழைய சிமெண்ட் தெரிந்தது. வெள்ளைப் பெயிண்ட் கோடுகூட அழியாமல் இருந்தது. இரண்டு கால் வைக்க மட்டும் இடம் பண்ணிக்கொண்டு, அந்தக் குழிக்குள் நின்று எறிந்தாள். முதல் நாள் ஒன்றுகூட எட்டவில்லை. குழிக் கற்பகம் என்று பெயர் வைத்தோம். வைத்தது நான்தான். மூன்றாம் நாள் இரண்டு விழுந்தது. நாலாம் நாள் நாலு. அவள் முழங்காலை இன்னும் கொஞ்சம் மடித்து, பந்தை இன்னும் மேலே ஏற்றப் பழகிக்கொண்டிருந்தாள். சார் சொன்ன எதையும் அவள் மாற்றவில்லை. அதே தட்டு, அதே உண்டியல், அதே வரம். நான் தள்ளி நின்று பார்த்தேன். வயிறு எரிந்தது. இதற்கு வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

ஐந்தாம் நாள் அவள் வரவில்லை. பௌர்ணமிக் கூட்டத்துக்காகக் கடையில் சரக்கு இறக்கப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் சார், "நாளைக்கி பௌர்ணமி பஸ்ஸுங்க வரும். அந்தக் குழிய மூடிடு" என்று என்னிடம் சொன்னார். ஒரு பலகையைப் போட்டு மூடியிருக்கலாம். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் பலகைகள் கிடந்தன. எனக்குத் தெரியும். நான் மண்ணைத் தள்ளி நிரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் தோற்றுப்போகும்படி மிதித்து மிதித்துச் சமமாக்கினேன். சார் சொன்னது முதல் பாதி மட்டும்தான். பாக்கி என் சொந்த ஆர்வம்.

வேலூரில் சார் தேர்வாளரிடம், "எங்க பொண்ணுங்க பத்துக்கு எட்டு சார், ஜாஸ்தியாவும் போடுவாங்க" என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டார். முதலில் நான். தட்டு ஏந்தினேன், முழங்கையை ஒடுக்கினேன், உண்டியலில் போட்டேன். பந்து வளையத்துக்கு முன்னாலேயே, வலையைக்கூடத் தொடாமல், தரையில் விழுந்தது. நான் வரம் கொடுத்தபடியே நின்றேன். பத்துப் பந்தும் அப்படியே. பத்து முறையும் வரம் கொடுத்தேன். எனக்கு அடுத்து வந்தவர்களும் என்னைப் போலவே. "இந்தப் பொண்ணுங்க காலைல சாப்பிடலியா?" என்று கேட்டார் தேர்வாளர். "பஸ்ல வந்த களைப்பு சார்" என்றார் எங்கள் சார்.

கடைசியில் கற்பகம். முதல் ஐந்தும் விழவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் கிட்டே போனது. ஐந்தாவது பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது. ஆறாவது உள்ளே போனது. அதற்குப் பிறகு ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, எல்லாம் சத்தமே இல்லாமல் உள்ளே. தேர்வாளர் எழுந்தே நின்றுவிட்டார். அப்புறம் உட்கார்ந்து ஐந்து என்று எழுதினார். வேண்டியது ஆறு.

எங்கள் எல்லோருக்கும் கலந்துகொண்டதற்கான சான்றிதழ் கொடுத்தார்கள். ஒரு பந்துகூட வளையத்தைத் தொடாமல் வாங்கிய அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் பிறகு எனக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைத்தது. அங்கிருந்துதான் இந்த உத்தியோகமும். கற்பகம் கடைக்குப் போய் உட்கார்ந்தாள்.

டேப்பைப் பார்த்துச் சிரித்த அன்று வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் அலுவலகம் முடிந்ததும் அடி அண்ணாமலைக்குப் போனேன். இப்போது கடை அவளுடையது. இளநீரும் வைத்திருக்கிறாள். "வாங்க மேடம்" என்றாள். ஊரே என்னை அப்படித்தான் அழைக்கிறது, அவளும் எப்போதோ மாறிவிட்டாள். நான் சுற்றி வளைக்காமல், "அந்தக் குழிய மூடினது நான்தான் கற்பகம்" என்றேன்.

அவள் இளநீர் சீவுவதை நிறுத்தவில்லை. "தெரியுமே. அன்னிக்கி சரக்கு எறக்கிட்டு, பொழுது இருக்குதே, ரெண்டு பந்து போடலாம்னு வந்தேன். நீங்க மிதிச்சிக்கினு இருந்தீங்க. அப்டியே திரும்பிட்டேன்."

"ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா சண்ட வரும். நான் அதுக்கு மின்ன வேலூர் போனதே இல்ல. பஸ்ல பக்கத்துல குந்த ஆளு வாணாவா?"

இளநீரை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்து நின்றவரைக் கவனிக்கப் போய்விட்டாள்.

அந்தக் கோர்ட் இப்போது இல்லை. மண்ணுக்கு மேல் மண் போட்டு, அதன்மேல் கல் பதித்து, கார்கள் நிற்கின்றன. கம்பத்தையும் அறுத்து எடுத்துவிட்டார்கள். சாரும் காலமாகிவிட்டார். அதெல்லாம் போனால் போகட்டும். வேலூரிலிருந்து திரும்பிய பேருந்தில், பத்துக்குப் பூஜ்யம் வாங்கிய நான் போளூர் வரைக்கும் கற்பகத்தின் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். அவள் அழவே இல்லை. "அழாதடி எரும, ஒம்மேல தப்பு இல்ல" என்று என் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். எல்லாம் தெரிந்துதான் தடவியிருக்கிறாள். என்னை எருமை என்று கூப்பிட இந்த ஊரில் இப்போது யாரும் இல்லை.