கசக்காத ரொட்டி

எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் அண்ணி சமையலறைக்குள் கால் வைக்கலாம், கை வைக்கக் கூடாது. ஒருமுறை மறந்துபோய் உப்பு ஜாடியைத் திறந்துவிட்டார். உப்பு முழுவதையும் குப்பையில் கொட்டிவிட்டு அண்ணன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணிக்கு ஸ்பிரிட் கிடங்கில் வேலை. நல்ல ஸ்பிரிட்டைக் கெடுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர் என்று நான் கிண்டல் செய்வேன். பொய்யில்லை. குடிக்கத் தகுந்த ஸ்பிரிட்டுக்கு வரி தலைக்கு மேல். வார்னிஷ் பட்டறைக்கு வரியில்லாமல் போக வேண்டுமென்றால், யாரும் வாயில் வைக்க முடியாதபடி அதை மாற்றியாக வேண்டும். நூறு லிட்டருக்கு ஐந்து லிட்டர் மெத்தனால் ஊற்றுவார்கள். அது பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும், ஆனால் நாக்குக்குத் தெரியாது. அதனால்தான் ஆயிரம் லிட்டருக்குப் பத்து கிராம் கசப்புத் தூள். பத்தே கிராம்! அது கையுறைக்குள்ளும் நகத்துக்குள்ளும் புகுந்துகொண்டால் மூன்று சோப்பு போட்டாலும் போகாது. கிடங்கில் எல்லோருக்கும் அவர் கசப்பக்கா.

தொட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி கிடங்கிடம், மற்றது கலால் அதிகாரியிடம். தூள் புட்டியின் முத்திரையை அதிகாரிதான் உடைக்க வேண்டும், எடை பார்க்க வேண்டும், கலக்கி முடியும்வரை நின்று பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் அதிகாரி கையுறை போடமாட்டார். பேனா வழுக்குமாம். அந்த விரலோடு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, கசக்கிறது என்று டீக்கடைக்காரரைத் திட்டுவார். அவர் கையெழுத்துப் போட்ட பர்மிட் வந்தால் கேட்டைத் திறப்பது என் வேலை.

அன்று காலையில் கலந்து, மதியத்துக்குள் நாற்பது பீப்பாய் நிரப்பி லாரியில் ஏற்றியாயிற்று. வார்னிஷ் சரக்கு என்பதால் சாயமும் சேர்ப்பதில்லை, பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். டிரைவர் பர்மிட்டை நீட்டினார். எல்லாம் சரி. கேட் பூட்டில் சாவியைப் போட்டேன். அந்த நேரம் பார்த்து கேட் போன் அடித்தது.

“தம்பி, லாரியை விட்டுடாதீங்க,” என்றார் அண்ணி. மூச்சு வாங்கியது. “என் ரொட்டி கசக்கல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினெட்டு வருஷத்தில், கலக்குகிற நாளில் அண்ணி கசக்காத ரொட்டி தின்றதே இல்லை. முதல் கடிக்குச் சந்தோஷப்பட்டாராம், இரண்டாவது தொண்டையில் நின்றுவிட்டதாம். காலையில் உடைத்தது புதிய புட்டி. முத்திரை சரி, லேபிள் சரி. உள்ளே இருந்தது கசப்புத் தூளே இல்லை என்றால்? நாற்பது பீப்பாயிலும் விஷம் இருக்கிறது, துப்ப வைக்க ஒன்றுமில்லை.

பர்மிட் சரியாக இருக்கிற லாரியை நிறுத்த எனக்கு அதிகாரம் கிடையாது. நிறுத்தினால் வேலை போகும். சாவியை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, சாவியைக் காணோம் என்றேன். டிரைவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர். என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். நான் குனிந்து தரையில் தேடிக்கொண்டே இருந்தேன்.

அங்கே அதிகாரி அறையில் நடந்ததை அண்ணி பிறகு எங்களுக்கு ஒன்றுவிடாமல் நடித்துக் காட்டினார். முத்திரையைத் தானே உடைத்ததாகவும், மாதிரி ஆய்வகத்துக்குப் போயிருப்பதாகவும், முடிவு நாலு நாளில் வரும் என்றும் அதிகாரி பதிவேட்டைத் தட்டித் தட்டிச் சொன்னாராம். கையெழுத்துப் போட்ட சரக்கைத் திருப்பினால் மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது? ரொட்டியைப் பற்றி எந்த விதியில் எழுதியிருக்கிறது? அப்போதுதான் அண்ணி மேஜையைப் பார்த்திருக்கிறார். டீ கிளாஸ் பக்கத்தில் பாதி கடித்த பிஸ்கட்.

“சார், பிஸ்கட் எப்படி இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு இப்ப என்...”

அதோடு நின்றுவிட்டார். தன் விரல்களைப் பார்த்தார். கட்டைவிரலை மெதுவாக நாக்கில் வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

கேட் போன் மறுபடியும் அடித்தது. லாரி போய்விட்டதா என்று அதிகாரி கேட்டார். சாவி தொலைந்துவிட்டது சார் என்றேன். அப்படியே தொலைந்து இருக்கட்டும் என்றார்!

நாற்பது பீப்பாயும் இறங்கித் தொட்டிக்குத் திரும்பின. புதிய புட்டியைக் கட்டிச் சீல் வைத்துவிட்டு, அலமாரியிலிருந்த பழைய தூளை எடுத்துக் கலந்தார்கள். கலந்து முடித்ததும் அதிகாரி மீதிப் பாதி பிஸ்கட்டைக் கடித்தார், கடித்த வேகத்தில் குழாயடிக்கு ஓடினார். அதற்குப் பிறகுதான் பீப்பாய்களை நிரப்ப விட்டு, புது பர்மிட்டில் கையெழுத்துப் போட்டார்.

மாலையில் அண்ணியே பர்மிட்டைக் கொண்டு வந்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். டிரைவர் கண்ணெதிரே பையிலிருந்து சாவியை எடுத்தேன், நடந்ததையெல்லாம் கைகாலை ஆட்டிச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், அவர் லாரியில் ஏறி, இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு ரப்பர் குழாயை எடுத்து வந்து என் மேஜை மேல் வைத்தார்.

“ஒவ்வொரு தடவையும் வழியில நிறுத்தி பீப்பாயிலேருந்து ஒரு வாய் இழுத்துப் பார்ப்பேன்க்கா. இன்னிக்காவது கசக்காம இருக்காதான்னு. கசக்கும், துப்பிட்டுப் போயிடுவேன்.”

அண்ணியின் கண் நிறைந்துவிட்டது. பர்மிட்டை அவர் கையில் கொடுத்தார்.

“இன்னிக்கும் கசக்கும். பத்திரமா போயிட்டு வாங்க.”

நான் கேட்டைத் திறந்தேன்.