கணவரை ஏழாவதாக இறக்கியவர்

பலேர்மோவில் எங்கள் கிரிக்கெட் அணிக்குத் துடுப்பாட்ட வரிசை போட்டுத் தந்தவர் ஒரு பெண், எங்கள் தொடக்க ஆட்டக்காரரின் மனைவி. வீட்டு வேலைக்குப் போகும் பஸ்ஸில் கைபேசியை வைத்துக்கொண்டு, யார் எத்தனை பந்தில் எத்தனை ஓட்டம் எடுத்தோம் என்று கணக்குப் பார்ப்பார். மெலிந்த உருவம். ஆட்டம் தொடங்கினால் உட்காரவே மாட்டார். எல்லைக்கோட்டோரம் நடந்துகொண்டே இருப்பார்.

பகேரியா அணியுடன் அரையிறுதி, பத்து ஓவர் ஆட்டம். அன்று கணவரை ஏழாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, என்னைத் தொடக்கத்தில் இறங்கச் சொன்னார்.

"அக்கா, அண்ணையின்ரை சராசரிதானே எல்லாரிலும் கூட?" என்றேன்.

"ஓம். இவர் லேசிலை அவுட் ஆகமாட்டார். ஆனா பந்தையெல்லாம் தானே விழுங்கிப்போடுவார். பத்து ஓவருக்கு அது சரிவராது."

அண்ணை கால்காப்பைக் கட்டிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

நான் அடித்து ஆடி ஆட்டமிழந்து வந்தபோது வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டே விக்கெட்தான் விழுந்திருந்தது. பாராட்டலாம் என்று அக்காவிடம் போனேன். நடையை நிறுத்தாமல் அவர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"கடவுளே, இன்னும் மூண்டு விக்கெட் விழட்டும். இவர் ஒருக்கா இறங்கட்டும்."

விழவில்லை. நாங்கள் வென்றோம். எல்லோரும் மைதானத்துக்குள் ஓட, அக்கா குனிந்து அண்ணையின் கால்காப்பைக் கழற்றப் போனார். அண்ணை காலை இழுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு இறுதியாட்டத்துக்கும் அக்கா அவரை ஏழாவதாகவே போட்டார். அதற்கு அவருக்கு எப்படி மனம் வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.