மஞ்சள் கால் ஆள்காட்டிக்கு இரண்டு சாட்சி

தொலைநோக்கியைக் கண்ணில் வைப்பதற்கு முன் மிஜ்லித் அதைத் தலைகீழாகத் திருப்பி, பெரிய கண்ணாடி வழியாகத் தன் கால் பெருவிரலைப் பார்ப்பார். விரல் வெகுதூரத்தில் கடுகளவாகத் தெரிந்தால் திருப்தி. பிறகு தலைத்துணியின் நுனியால் கண்ணாடிகளைத் துடைப்பார். அதற்குள் பாதிப் பறவைகள் போயிருக்கும்.

எங்கள் அணையின் மதகைத் திறந்து மூடுவது அவர் வேலை. ஆகஸ்ட் கடைசியில் தண்ணீர் வற்றிச் சேறு வெளியே வரும். வடக்கிலிருந்து இறங்கும் பறவைகளை எண்ண நாங்கள் ஒன்பது பேர் கூடுவோம். நோட்டு என்னிடம். அரிய பறவை என்றால் இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும். தனித்தனியே விசாரித்து, சொன்னது ஒத்துப்போனால்தான் எழுதுவேன். இந்த விதி வந்ததே மிஜ்லித்தால். மிதந்துவந்த தீவனச் சாக்கைப் பெலிக்கன் என்று எழுதவைத்தவர் அவர். அன்றிலிருந்து ஊருக்கே அவர் 'அபூ ஷ்வால்', சாக்கின் தகப்பன். அந்தப் பெயரைக் கழற்றிப்போட அவருக்கு ஒரு நல்ல பறவை தேவைப்பட்டது.

போன வருடம் அது வந்தது. எங்கள் அணையில் யாருமே கண்டிராத வெண்வால் ஆள்காட்டி. உச்சி வெயிலில் எல்லோரும் படுத்திருந்த நேரம். அணைக்கரை வீட்டில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த மனைவி நூஃபாவை மாவுக் கையோடு இழுத்துவந்து காட்டியிருக்கிறார். போன் வந்து நான் ஓடிப்போவதற்குள் பறவை பறந்துவிட்டது.

மிஜ்லித் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அவரை மதகுக்கு அந்தப் பக்கம் அனுப்பினேன்.

"மாமி, கால் என்ன நிறம்?"

"மஞ்சள். எலுமிச்சை மஞ்சள் இல்லப்பா, முட்டைக்கரு மஞ்சள்."

"வால்?"

"சுத்த வெள்ளை. ஒரு கறுப்புக் கோடுகூடக் கிடையாது. மூஞ்சி மட்டும் என் நாத்தனார் மூஞ்சி. எதைக் கொடுத்தாலும் குறை சொல்ற மூஞ்சி."

"ஏய், என் தங்கச்சிய ஏன் இழுக்கிற? பறவையைச் சொல்லு!" அங்கிருந்து கத்தினார் மிஜ்லித்.

"நீங்க வாயைத் திறந்தா சாட்சி செல்லாது, அபூ ஷ்வால்! சும்மா நில்லுங்க!" என்றேன்.

எல்லாம் ஒத்துப்போனது. எழுதினேன். முதலில் கண்டவர்: மிஜ்லித். அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்து, காப்பிக் கடையில் ஒருவர் விடாமல் காட்டினார். மறுநாள் கடைக்காரர் அவரை, "வாங்க, மஞ்சக்காலோட தகப்பனாரே!" என்று வரவேற்றாராம்.

ரமலானில் நோன்பு திறக்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது நூஃபா மாமி என்னிடம் மெதுவாகச் சொன்னார். மிஜ்லித் பார்ப்பதற்கு மூன்று நாள் முன்பே அந்தப் பறவை வந்துவிட்டதாம். துணி அலசிய தண்ணீரை அவர் கொட்டும் இடத்தில்தான் தினமும் நின்றதாம்.

"சொல்லியிருந்தா இந்த மனுஷன் மதகுப் பக்கமே போயிருக்க மாட்டாரு. கீழ வயல்ல இருக்கிற தக்காளியெல்லாம் தண்ணியில்லாம காஞ்சிருக்கும்."