முதல் தண்ணீர்

என் அண்ணி குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறார். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்து உடலுக்கு நஞ்சாகும் ஈயத்தை அளப்பது அவர் பொறுப்பு. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் குழாயைத்தான் குசலம் விசாரிப்பார் என்று அண்ணன் கேலி பேசுவார்.

என் கைக்குழந்தையோடு நாங்கள் பழைய வீடொன்றுக்குக் குடிவந்ததும், அண்ணி அம்மாவிடம் ஒரு பாட்டிலைக் கொடுத்தார். "ராத்திரி முழுக்கக் குழாயத் தொறக்காதீங்க அத்தை. காலைல வர்ற முதல் தண்ணியப் பிடிச்சு வைங்க."

ஈயம் இல்லை என்று முடிவு வந்தது. எங்களுக்கு நிம்மதி. அண்ணிக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு பழைய குழாயில் ஈயம் எப்படி இல்லாமல் போகும் என்று நேரிலேயே வந்து கேட்டார்.

"நல்லா ஓடவிட்டு, தெளிஞ்சப்புறம்தான் பிடிச்சேன்," என்றார் அம்மா பெருமையாக. "நம்ம வீட்டுத் தண்ணி உன் ஆபீசுக்குப் போகுது. அழுக்கா அனுப்பலாமா?"

"அந்த அழுக்குதான் அத்தை எனக்கு வேணும். ராத்திரி குழாய்லயே நிக்கிற தண்ணிலதான் ஈயம் இறங்கும்."

அன்றிரவு அண்ணி எங்களோடு தங்கி, காலையில் தானே பிடித்துக்கொண்டு போனார். இம்முறை ஈயம் இருந்தது. அளவுக்கு மேலேயே இருந்தது.

அம்மாவின் முகம் மாறியது. "குழந்தை விடிஞ்சதும் பசிச்சு அழும். ஓடவிட ஏது நேரம்? முதல் தண்ணிலதானே தினம் பால் கலக்கினேன்."

ஒன்றும் ஆகியிருக்காது என்று அண்ணி சொல்வார் என எல்லோரும் அவரையே பார்த்தோம். அளக்காததை அவர் சொல்வதில்லை.

"நாளைக்குக் குழந்தையோட ரத்தத்தப் பார்த்துடலாம் அத்தை," என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நானும் கூட வர்றேன்."