வராத பொறி

அறிக்கையில் அம்மாவுக்கு மூன்று வார்த்தைகள்: 'ஊழியரின் சொந்தக் கவனக்குறைவு.' பதினோரு நாளுக்கு முன் மின்கேபிளின் முனையைத் தொட்டு இறந்தாள். ஒப்புதல் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த மூன்றையும் அடிக்காமல் போடுவதில்லை என்று போனேன்.

நிலத்தடி மின்கேபிள்களை இணைப்பது அம்மாவின் வேலை. இருபத்தாறு வருடம். எர்த் ராடால் தட்டாமல் எதிலும் கைவைக்க மாட்டாள். மண்ணோடு ஒயரால் இணைத்த கோல் அது; மின்னூட்டம் மிச்சமிருந்தால் பொறி தெறித்து மண்ணுக்குள் இறங்கிவிடும். வேலையிடத்தில் அவள் 'தட்டக்கா'. வீட்டில் ஃபிரிட்ஜைக்கூடப் புறங்கையால் தட்டிவிட்டுத்தான் திறப்பாள். "அது என்னம்மா பதில் சொல்லுது?" என்றால், "உன்னை மாதிரி எதிர்த்துப் பேசல" என்பாள்.

இவளுக்குக் கவனக்குறைவாம்.

"சுவிட்ச் ஆஃப்ல இருந்துச்சும்மா. கரண்டே இல்லாத கேபிள்" என்றார் விசாரணை அதிகாரி.

அறிக்கையின் பின்பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம் போட்டேன். "கேபிளை வெட்டினா இப்படி இருக்கும் சார். உள்ள கம்பி, வெளிய உலோக உறை, நடுவுல பிளாஸ்டிக். சுவிட்சை அணைச்சா சப்ளைதான் போகும். உள்ள ஏறின மின்னூட்டம் எங்கயும் போகாது."

வட்டங்களுக்குப் பக்கத்தில் கணக்கையும் எழுதிக் காட்டினேன். உள் ஆரம் எட்டு மில்லிமீட்டர், வெளி ஆரம் பன்னிரண்டு. மின்புலம் முழுவதும் அந்த நாலு மில்லிமீட்டருக்குள் அடைந்து கிடக்கும். உறைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. மூன்று கிலோமீட்டருக்கு மின்தேக்குத்திறன் ஒரு மைக்ரோஃபாரடுக்குச் சற்றுக் குறைவு. அன்று இணைப்புக்கு முன் கேபிளைச் சோதித்தது இருபதாயிரம் வோல்ட்டில். உள்ளே தேங்கியது நூற்றுத் தொண்ணூறு ஜூல். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மருத்துவமனையில் கொடுக்கும் அதிர்ச்சி ஏறக்குறைய அவ்வளவுதான். அம்மாவின் இதயம் ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருந்தது.

"படிச்ச பொண்ணு, கணக்கெல்லாம் சரி. உங்கம்மா தட்டியிருக்கணும்ல?" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் சூப்பர்வைசர்.

"தட்டினாங்க. ரெண்டு பேர் பார்த்திருக்காங்க. பொறி வரல. வரலன்னா மின்னூட்டம் இல்லைன்னுதானே நினைப்பாங்க? ராடோட எர்த் ஒயர் உள்ள அறுந்திருக்கு. புகார் புத்தகத்துல ரெண்டு தடவை எழுதினாங்க. நீங்க டேப் சுத்திக் குடுத்தீங்க."

"டேப்புக்கு என்ன குறைச்சல்? நல்லாத்தான் இருக்கு, பாரு." மூலையில் சாத்தியிருந்த ராடைக் காட்டினார்.

நான் அதிகாரியைப் பார்த்தேன். "அப்ப வாங்க சார். அதே கேபிளைக் காலையில மறுபடி டெஸ்ட் பண்ணி ஆஃப் பண்ணியிருக்காங்க. முனை வெளியதான் இருக்கு. இந்த ராடாலயே தட்டிட்டுக் கையை வைங்க."

எழுந்தார். ராடை எடுத்தார். கதவுவரை போனவர், சுற்றியிருந்த டேப்பைப் பார்த்து நின்றார். சூப்பர்வைசரிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"வேற ராடு இருக்காய்யா?"

பேனாவை அதிகாரியிடம் நீட்டினேன்.

"இப்ப கேட்டீங்கல்ல சார், அதை எழுதுங்க."