பாரிஸில் என்னுடைய இருபத்தைந்து மணித்தியாலங்கள்

விமானப் பணிப்பெண் வேலை என்றால் சும்மா ஊர் சுற்றுவது என்று எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் ஒரு எண்ணம். கனடாவில், ஸ்காபரோவில் பதினெட்டு மாடி. பாதிக்கு மேல் எங்களுடைய ஆட்கள். ஒரு நகரத்தில் இறங்கி அடுத்த பறப்பு வரைக்கும் கம்பனி எங்களை ஹோட்டலில் தங்கவைக்கும் நேரத்துக்கு லேஓவர் என்று பெயர். சட்டப்படி அது ஓய்வு. எங்கள் ஆட்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'சும்மா நிக்கிறது'.

ஆறு வருடம் எனக்கு உள்நாட்டுப் பறப்புகள்தான் கிடைத்தன. சேவை மூப்புப் பார்த்துத்தான் வெளிநாடு தருவார்கள். போன ஒக்டோபரில் முதல் தடவையாகப் பாரிஸ் விழுந்தது. இருபத்தைந்து மணித்தியாலம்.

பாரிஸ் எனக்குப் புதிது இல்லை. பதினாறு வயதில் பதினொரு மாதம் அங்கே இருந்திருக்கிறேன். கனடாவுக்கு அனுப்புவதாகக் காசு வாங்கிக் கூட்டிவந்த ஏஜென்ற் எடுத்துத் தந்த ஒரு அறைக்குள், வேறு ஏழு பேரோடு. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றிருந்தது. வெளியே தலை காட்டினால் பொலிஸ் பிடித்துத் திருப்பி அனுப்பும் என்று ஏஜென்ற் சொல்லியிருந்தான். ஜன்னலில் மட்டை ஒட்டியிருந்தது. முறை வைத்துப் படுத்தோம், முறை வைத்துச் சமைத்தோம். பாரிஸின் நடுவே ஓடும் ஆறு அந்த அறையிலிருந்து பத்து நிமிட நடை என்பது, கனடாவுக்கு வந்து ஒரு டோனட் கடையில் வேலை செய்த காலத்தில் வரைபடத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. பத்து நிமிடம். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

ஆகவே என் திட்டம் சின்னது. இரண்டு மணித்தியாலம் படுப்பேன். பிறகு இருட்டும்வரை ஆற்றங்கரையால் நடப்பேன், தனியாக.

இதை லிப்டில் யாரிடமோ உளறியிருக்கிறேன். புறப்படுவதற்கு முதல்நாள் ஏழாம் மாடி அன்ரி ஒரு பையோடு வாசலில் நின்றார். அவருடைய தங்கை பாரிஸில் இருக்கிறார்.

“பெரிசா ஒண்டுமில்லைப் பிள்ளை. வறுத்த கறித்தூள் ரண்டு கிலோ, கொஞ்சம் ஒடியல் மா, அவளுக்கு ஒரு சாறி.”

“அன்ரி, மற்ற ஆக்களின்ர சாமான் கொண்டுபோனால் என்ர வேலை போயிடும். கையெழுத்து வைச்சுக் குடுத்திருக்கிறன்.”

“ஆர் பாக்கப் போறாங்கள்? நீர் யூனிபோமோட போறனீர்.”

“பாரிஸில லாச்சப்பல் பக்கம் தெரு முழுக்கத் தமிழ்க்கடை. தூள் அங்க வாங்கலாம்.”

“கடைத்தூளும் என்ர தூளும் ஒண்டே?” என்று கேட்டுவிட்டு, “ஓம் ஓம், நீர் இப்ப பெரிய ஆள்தானே” என்றார்.

பையை நான் வாங்கவில்லை. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்து, தங்கை விரும்பினால் ஹோட்டலுக்கு வரட்டும், ஒரு தேத்தண்ணி குடிக்கலாம் என்று சொல்லி விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். இத்தனை நாடு அலைந்த பிறகும் எங்கள் ஆட்களிடம் விலாசம் கொடுக்கும் மடைச்சியாக இருந்திருக்கிறேன்.

காலை பத்து மணி. கண் எரிய எரிய ஹோட்டலுக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு நுழைகிறேன். அன்ரியின் தங்கையும் அவருடைய கணவரும் வரவேற்பறைக் கதிரையில்.

“அக்கா சொன்னவ, நீங்கள் நாளைக்கு வரைக்கும் சும்மா தானே நிக்கிறியள் எண்டு. வாங்கோ, வீட்டை போவம்.”

“நான் இரவு முழுக்க நித்திரையில்லை, அக்கா.”

“எங்கட வீட்டில படுக்கலாம்.”

“கார் பிழையான இடத்தில நிக்குது, தங்கச்சி,” என்றார் கணவர். “பெட்டியை வைச்சிட்டுக் கெதியா வாங்கோ.”

மரியாதை பார்க்கிற வியாதி எனக்கும் உண்டு. ஏறினேன். நகரத்தை விட்டு வெளியே ஒரு மணித்தியால ஓட்டம். அங்கே படுக்க யார் விட்டது? மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியச் சடங்கு வீடியோ போட்டார்கள். அது முடிய அல்பம். ஒரு மணி தாண்டியும் அடுப்பு மூட்டவில்லை, இறால் வாங்கப் போனவர் வரவில்லையாம். இரண்டு மணிக்குப் பக்கத்துக் குடும்பமொன்று கனடாப் பிள்ளையைப் பார்க்க வந்தது. அதில் ஒருவர், பிளேனுக்குள் மிஞ்சும் சாப்பாட்டை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோவீர்களோ என்று கேட்டார்.

மூன்றரைக்கு எழும்பினேன்.

“அக்கா, நான் போகவேணும். வெளிச்சம் இருக்கேக்க ஆத்தைப் பாக்கவேணும்.”

“எந்த ஆறு?”

“இங்கத்தைய ஆறு.”

கணவர் சிரித்தார். “அது எங்க போகப்போகுது, தங்கச்சி? நாங்கள் இருபத்தெட்டு வருசமா இருக்கிறம், அதைப் பாக்கவெண்டு ஒருநாளும் போகேல்லை. சாப்பிடுங்கோ, பிறகு காரில காட்டுறன்.”

“இறால் இப்பதான் அடுப்பில வைச்சனான்,” என்றார் அன்ரியின் தங்கை. முகம் கறுத்துவிட்டது.

அடுப்பில் கறி கொதிக்கும் வீட்டிலிருந்து சாப்பிடாமல் எழும்புவது எங்களுக்குள் கன்னத்தில் அறைவது மாதிரி. தெரிந்துகொண்டுதான் சப்பாத்தைப் போட்டேன். பதினாறு வயதில் ஒருவன் பொலிஸைக் காட்டி என்னைப் பூட்டி வைத்தான். நாற்பத்தொன்றில் இவர்கள் இறாலைக் காட்டிப் பூட்டி வைக்கிறார்கள்.

ஒரு ரயில், பிறகு இன்னொரு ரயில். ஆறு பழுப்பு நிறமாக இருந்தது. குளிர் காற்று. நாயோடு போனவர்கள், ஓடுகிறவர்கள், ஒரு பாலத்துக்குக் கீழே கூடாரம் அடித்திருந்தவர்கள். பாண் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு கால் வீங்க நடந்தேன். ஒரு பொலிஸ்காரன் எனக்குப் பக்கத்தால் போனான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் கோபம் இன்னும் கூடியது. இருட்டுவதற்குள் ஒன்றரை மணித்தியாலம்தான் மிஞ்சியிருந்தது. மிச்சம் எல்லாவற்றையும் வீடியோவும் அல்பமும் தின்றுவிட்டன.

அடுத்த கிழமை லிப்டில் அன்ரி.

“தங்கச்சி ரண்டு நாளா அழுதவளாம். ஒரு வாய்கூட வைக்கேல்லையாம் நீர்.”

“நான் அவவைச் சமைக்கச் சொல்லேல்லை, அன்ரி.”

“அப்பிடி ஓடிப்போய் என்னத்தைப் பாத்தனீர்?”

“தண்ணி.”

“தண்ணியோ? இங்க லேக் கிடக்குது, கண்ணுக்கெட்டின தூரத்துக்கு.”

ஏழாம் மாடி வந்தது. இறங்கினவர் கதவை மூடவிடாமல் கையை வைத்துப் பிடித்தார்.

“அப்ப திரும்ப எப்ப பாரிஸ்?”

“தெரியாது. இனி உள்நாட்டில வின்னிப்பெக்தான் போடுவாங்கள் போல.”

பொய். அடுத்த மாதத்துக்கும் பாரிஸ் விழுந்திருந்தது. வின்னிப்பெக்கில் அன்ரிக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. அதை நான் முதலே விசாரித்து வைத்திருந்தேன்.