மூன்றாம் பகுதி முடிந்தபோது

யூசுப் பாய் மறைந்த செய்தி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சற்று முன்பு வந்தது. ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் அமர்ந்து, அன்று மாலை நடக்கவிருந்த நம் இசைச் சபையின் செயற்குழுக் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். அவருடைய மகன் தொலைபேசியில் பேசினார்.

“சார், அத்தா மௌத்தாயிட்டாங்க. கடையைத் திறந்து உக்காந்தாங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க.”

“இல்லப்பா, சாயங்காலம் மீட்டிங்குக்கு வரேன்னு நேத்துதானே சொன்னார்” என்றேன். அந்தப் பையனிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான். இதை எழுதும்போதும் என் மனம் அதே இடத்தில்தான் நிற்கிறது. வருகிறேன் என்று சொன்னவர் வராமல் இருந்ததில்லை.

சத்திரம் பேருந்து நிலையத்தருகே இருந்த அவரது மூக்குக்கண்ணாடிக் கடையை உங்களில் பலர் அறிவீர்கள். பதினொரு ஆண்டுகள் அவர் இணைச் செயலாளர், நான் செயலாளர். விதிகளை நான் எழுதுவேன். அவற்றால் மனம் புண்பட்டவர்களை அவர் சமாதானப்படுத்துவார்.

சென்ற மாதம் வெளிநாட்டு இசைக்குழு ஒன்று பியானோக் கலைஞருடன் நம் ஊருக்கு வந்ததை நினைவுகூருங்கள். அறுபது பேர் வயலினும் குழலுமாக ஒரே மேடையில் அமர்வது நம் சபைக்குப் புதிது. முதன்மைப் படைப்புக்கு மூன்று பகுதிகள். பகுதிகளுக்கு இடையே கைதட்டுவது அவர்கள் மரபில் முறையல்ல. ஆகவே, ‘செயலாளர் கை உயர்த்தும் வரை யாரும் கைதட்ட வேண்டாம்’ என்று துண்டுத்தாள் அச்சிட்டு ஒவ்வோர் இருக்கையிலும் வைத்தேன். யூசுப் பாய் அதைப் படித்துவிட்டு, “சார், ரசிகன் கையைப் பூட்டினா காதும் சேந்து பூட்டிக்கும்” என்றார். நான் இணங்கவில்லை.

வாத்தியங்களைச் சுருதி சேர்த்து முடித்ததுமே அரங்கம் கைதட்டியது. நான் எழுந்து முறைத்தேன். “கச்சேரி நல்லா இருந்துச்சு, வீட்டுக்குப் போகலாமா சார்?” என்று பின்வரிசையிலிருந்து யூசுப் பாய் கேட்டார். அதன்பின் எவரும் அசையவில்லை. தொடையில் தாளம் போட எழுந்த கைகள்கூட என்னைப் பார்த்து மடங்கின.

பியானோக் கலைஞரான அந்தப் பெண்மணி வாசித்து முடித்துக் கைகளை மடியில் வைத்தார். நான் இரண்டு பகுதிகளைத்தான் எண்ணியிருந்தேன். மூன்றாவதற்காகக் காத்திருந்தேன். எழுநூறு பேர் என் கையைப் பார்த்தபடி மூச்சுக்கூட விடாமல் அமர்ந்திருந்தார்கள். அந்தப் பெண்மணி எழுந்து நின்றார். அவர் முகம் வெளுத்தது. என்ன பிழை செய்தோம் என்று இசைக்குழுத் தலைவரைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் என் பின்னாலிருந்து அந்தக் குரல் எழுந்தது: “சபாஷ்! சபாஷ்மா!” யூசுப் பாய் நின்றுகொண்டு தனியாளாகக் கைதட்டினார். மறுகணம் அரங்கமே எழுந்தது. அந்தப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டதை எல்லோரும் பார்த்தோம்.

இடைவேளையில் குழுத் தலைவர் எனக்கு விளக்கினார். இரண்டாம் பகுதியும் மூன்றாம் பகுதியும் இடைவெளியின்றி இணைந்தவை. கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் நான் மூன்று வரை எண்ணத் தவறியிருந்தேன். வெளியே உறுப்பினர்கள் யூசுப் பாயைச் சூழ்ந்து கேலி செய்தார்கள். “என்ன பாய், சார் கை தூக்கறதுக்குள்ள என்ன அவசரம்?” அவர் சிரித்தார். “அவசரப்பட்டுட்டேங்க. அடுத்த தடவை கையைக் கட்டிப் போட்டுருங்க.” நான் அருகில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அதோடு நிற்கவில்லை. நடவடிக்கைக் குறிப்பேட்டில், ‘இணைச் செயலாளர் அறிவிப்பை மீறி, சைகைக்கு முன் கைதட்டினார்’ என்று எழுதினேன். அவர் படித்தார். “நிஜம்தானே சார், முன்னாடிதானே தட்டினேன்” என்று கையெழுத்திட்டார்.

ஒரு மாதம் அந்த வரி என்னை உறங்கவிடவில்லை. குறிப்பேட்டுத் திருத்தத்தைக் கூட்டத்தில்தான் செய்ய வேண்டும் என்பது நான் எழுதிய விதி. அதனால் காத்திருந்தேன். இறப்பதற்கு முந்தைய நாள் மாலை அவரை அழைத்து, “நாளைக்கு ஒரு திருத்தம் இருக்கு, அவசியம் வாங்க” என்றேன். “என்ன திருத்தம் சார்?” “நேர்ல சொல்றேன்.” தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். அரை நிமிடம் போதும்.

ஜும்மா தொழுகைக்குப் பின் அடக்கம் முடிந்தது. மறுநாள் கடைக்குச் சென்றபோது, மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து அவர் மகன் அந்தத் துண்டுத்தாளை எடுத்துத் தந்தார். ஓரத்தில் பென்சிலால் மூன்று கோடுகள். இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரு வளைவு இணைத்திருந்தது. அவர் அவசரப்படவில்லை. இசை முடிந்ததை அறிந்தே எழுந்தார். என் பிழையை அறிந்தே கையெழுத்திட்டார்.

அந்தத் தாளை என்னிடம் வைத்துக்கொண்டேன். அன்பர்களே, ஒத்திவைத்த கூட்டத்தில் அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதுவேன்: ‘செயலாளர் தவறாக எண்ணினார். யூசுப் பாய் சரியான நேரத்தில் கைதட்டினார்.’ கீழே என் கையெழுத்து இருக்கும். இணைச் செயலாளர் கையெழுத்திட வேண்டிய இடம் காலியாகவே இருக்கும்.